வெயிலாச்சியின் நிறம்

வேப்பூரணியில் செத்தவர்கள் எல்லோரும் சிவப்பு. உயிரோடு நடமாடிய காலத்தில் வெயிலில் நின்று நின்று அடுப்புச் சட்டிக்குக் கூடப்பிறந்தவர்களாக இருந்தவர்கள்கூட, கண்ணை மூடிப் பதினாறாம் நாள் படமாகிச் சுவர் ஏறியதும், நிழலில் வளர்ந்த பெரிய வீட்டுப் பிள்ளைகள்போல மினுமினுவென்று ஆகிவிடுவார்கள். ஊருக்கு ஒரே ஓவியர் ஆர்ட்டிஸ்ட் இஸ்ரவேல். அவரிடம் முகத்துக்கென்று ஒரே டப்பாதான் இருந்தது. வெள்ளையில் கொஞ்சம் மஞ்சளும் கொஞ்சம் ரோஸும் குழைத்து, சந்தனத்தோடும் சேராமல் சதையோடும் சேராமல் அவராகவே கண்டுபிடித்து வைத்திருந்த ஒரு நிறம். மீசையும் பொட்டும் மூக்குத்தியும்தான் ஆளுக்கு ஆள் மாறும். யாரும் குறை சொன்னதில்லை. படம் எழுதக் கொடுக்கும்போதே, கொஞ்சம் சிவப்பாகப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவதுதான் அங்கே முறை. போனவர்களுக்குக் கோடித்துணி எடுத்துப் போர்த்துவது மாதிரி அதுவும் ஒரு மரியாதை.

ஊரின் தொழிலும் அதற்கு ஒத்துத்தான் இருந்தது. உலகத்தில் எங்கோ யாரோ கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் அதைச் சுற்றிக் கட்டுகிற துணி வேப்பூரணியில் நெய்ததாக இருக்கும். தறியிலிருந்து இறங்கும்போது அது பழுப்பாக, கஞ்சி வாடையோடு, பருத்திக்கொட்டைத் தூள் ஒட்டிக்கொண்டு, பார்க்கச் சகிக்காமல் இருக்கும். அதை வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் முக்கி, அலசி அலசி, ஊரணிக்கரைக் கம்பிகளில் காயப்போட்டு, கண் கூசுகிற வெள்ளையாக ஆக்கிக் கொடுப்பது வெளுப்புப் பட்டறை. அங்கே தலைமை ஆள் தவசிலிங்கம். அவருடைய பெண்டாட்டி வெயிலாச்சி அடுத்த கொட்டகையில் அந்தத் துணியைப் பேண்டேஜாகச் சுருட்டுகிறவள். அவர் வெளுப்பார், அவள் சுருட்டுவாள், சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வீட்டுக்குப் போவார்கள். பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி ஊருக்கே அலுத்துப்போயிருந்தது.

வெயிலாச்சி நல்ல கருப்பு. கரண்ட் போனால் சிரித்துக்கொண்டே இரு மதினி, ஆள் எங்கே இருக்கிறாய் என்று தெரியட்டும் என்று கொட்டகைப் பெண்கள் கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள், சிரித்துவிட்டு அன்றைக்கு முழுக்கக் கொஞ்சம் குறைவாகப் பேசுவாள். கல்யாண வீடுகளில் வீடியோக்காரன் லைட்டைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்தால் சாம்பாரைப் பார்க்கப் போய்விடுவாள். ஆகையால் ஐப்பசி மழையில் வந்த ஒரு காய்ச்சலில் அவள் பொசுக்கென்று போய்ச்சேர்ந்தபோது, படம் எழுதக் கொடுப்பதற்கு ஓட்டு அட்டையில் இருந்த போட்டோவைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதிலும் இருட்டுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் எட்டிப்பார்ப்பதுதான் தெரிந்தது.

அந்த அட்டையை எடுத்துக்கொண்டு தவசி இஸ்ரவேலிடம் போனார். இஸ்ரவேல் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எப்படிப் போடலாம் அண்ணாச்சி என்று கேட்டார். தவசிக்கு அதைப் பற்றி யோசனையே இல்லை. அழுது ஓய்ந்து, வீட்டுக்குப் போக மனமில்லாமல் நிற்கிற மனுஷனிடம் கேட்டால் நாக்கில் ஊறிக்கிடக்கிற வார்த்தைதானே வரும். நல்லா வெளுப்பாவே போட்ரு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பதினாறாம் நாள் படத்தைத் திறந்தார்கள். துணியை விலக்கியதும் கூடியிருந்தவர்கள் ஆகா என்றார்கள். ராசாத்தி மாதிரி இருக்கிறாள் என்றார்கள். சந்தனக் கன்னமும் பெரிய பொட்டுமாக ஒரு அம்மாள், எந்த ஊர் என்று தெரியாத ஒரு அம்மாள், எல்லோரையும் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுச் சீனியம்மாள் மட்டும் கண்ணாடியின் ஓரத்தை முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் படத்துக்குக் கீழே சுவரில் ஒரு கருத்த திட்டு இருந்தது. மழை ஓதம் என்று தவசி நினைத்தார். சுண்ணாம்பு கரைத்துப் பூசினார். காய்ந்ததும் திட்டு கொஞ்சம் பெரிதாகியிருந்தது. இரண்டாவது பூச்சு பூசினார், அதையும் குடித்துவிட்டு அது ஜன்னல் வரைக்கும் வந்தது. அடுத்து தலையணை உறை, அடுத்து கொடியில் கிடந்த துண்டு, அடுத்து குடத்துத் தண்ணீர், அடுத்து டம்ளரில் ஊற்றிவைத்த பால். பாலைக் குடித்துப் பார்த்தார். பால் மாதிரிதான் இருந்தது. பீங்கான் தட்டும் வாசலில் போட்ட கோலமாவும் வடித்த சோறும் ஒவ்வொன்றாக அந்த நிறத்துக்கு வந்து, வீட்டுக்குள் வெள்ளை என்று சொல்ல அவருடைய தலைமுடியும் அந்தப் படமும்தான் பாக்கி இருந்தன. என்ன கோளாறு என்று அவருக்குப் புரியவில்லை. குழம்பு கொடுக்க வந்த சீனியம்மாள்தான் வாசலிலேயே நின்று, சுவரைப் பார்த்து, கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"என்னண்ணே முழிக்கீங்க? இது மதினி கலருல்ல" என்றாள்.

சொன்ன பிறகு அது வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஊர் வந்து பார்த்தது. பார்த்துவிட்டு, கஷ்டம்தான் என்று தலையை ஆட்டிவிட்டு, அவரவர் வேலைக்குப் போனது. அம்மன் கோயில் பூசாரியைக் கூட்டிவந்து காட்டினார்கள். ஆவி என்றால் கொலுசுச் சத்தமாக வரும், மல்லிகைப்பூ வாசமாக வரும், கலராக வந்ததாகத் தன் அப்பா காலத்திலும் கேள்விப்பட்டதில்லை, ஆகவே இதற்குச் சேவல் அறுக்கத் தேவையில்லை என்று அவர் தீர்த்துச் சொல்லிவிட்டு ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார். அந்தக் காப்பிக்குள் வெயிலாச்சி இருந்தாளா இல்லையா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. கட்சிக்காரர்கள் வெள்ளை வேட்டியோடு உள்ளே வரத் தயங்கித் தெருவில் நின்றே துக்கம் விசாரித்தார்கள். கரண்டுக்கு ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டர் பெட்டியும் அந்த நிறத்தில் இருப்பதைப் பார்த்து, எண் தெரிகிறதே அது போதும் என்றார்.

கொஞ்ச நாளில் அது இன்னும் பழகிப்போயிற்று. சுருட்டுகிற கொட்டகைப் பெண்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரிசையாக வந்து, குனிந்து குனிந்து பிடித்துக்கொண்ட முதுகை அந்தச் சுவரில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சுவர் உடம்புச் சூட்டில் இருந்தது. வெயிலாச்சியும் அப்படித்தான், பக்கத்தில் உட்கார்ந்தால் கணகணவென்று இருப்பாள் என்று அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோலப் பேசிக்கொண்டார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று பயந்துகொண்டிருந்த ஒரு கருத்த பெண் வந்து, அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனாள். அவளை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் ஊர் அதை ஒரு புது அரசமரம் மாதிரி வைத்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கும். ஆனால் தவசி துக்கம் கழித்துப் பட்டறைக்குப் போன அன்றைக்குத் தொட்டியில் கையை விட்டார். பவுடர் போட்டு அலசித் தூக்கிய துணி, கம்பியில் ஈரம் காய்ந்ததும், வெயிலாச்சியின் முழங்கை நிறத்தில் காற்றில் ஆடியது. முதலாளி பவுடரை இரட்டிப்பாகப் போடச் சொன்னார். துணி இற்றுப்போனதே தவிர நிறம் போகவில்லை. தவசியை ஒதுங்கி நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். தண்ணீர் ஊரணித் தண்ணீர், ஏற்கெனவே அதற்கு அந்த நிறம் தெரிந்துபோயிருந்தது. ஒரு பட்டறையிலிருந்து அடுத்த பட்டறைக்கு, அங்கிருந்து எல்லாப் பட்டறைக்கும் அது போய், ஊரணிக்கரை முழுக்கக் கருத்த துணி படபடவென்று அடித்துக்கொண்டு கிடந்தது. காயத்துக்குக் கட்டுகிற துணி வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பினார்கள். புண்ணுக்கு நிறம் தெரியுமா என்று கேட்டுப் பார்த்தார்கள், எடுபடவில்லை. லாரிகள் வராமல் நின்றன. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஊரில் சத்தம் இல்லாமல் போனதும் எல்லோருக்கும் பயம் வந்தது.

சங்கக் கட்டிடத்தில் கூட்டம் போட்டார்கள். ஆளாளுக்குப் பேசி அடங்கிய பிறகு, கடைசியில் உட்கார்ந்திருந்த இஸ்ரவேல் எழுந்து நின்றார். படத்தில் ஒருத்தருடைய முகத்தைக் கொண்டுவந்தால் அவருடைய நிறத்துக்கும் அதில் ஓர் இடம் விட வேண்டும், தான் விடவில்லை, அதனால் அது போக்கிடம் இல்லாமல் அலைகிறது என்றார். இத்தனை காலமும் எப்படித் தப்பித்தேன் என்று தெரியவில்லை என்றும் சொன்னார். வெயிலாச்சியின் படத்தை அவளுடைய நிறத்திலேயே திருப்பி எழுதிக் கொடுத்தால் அது வந்து அங்கே அடங்கிவிடும் என்றார். கூட்டத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லோரும் தவசியைப் பார்த்தார்கள்.

தவசி, வேண்டாம் என்றார்.

முதலாளி கெஞ்சிக் கேட்டார், அதட்டியும் கேட்டார். தவசி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு ஊர்மேல் கோபம் எதுவும் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் சாயங்காலத்தில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த நிறம் ஒரே நிறமாக நிற்பதில்லை. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து வரும்போது சுவரில் உள்ளே இருந்து ஒரு செம்மை ஏறும், அது அவள் அடுப்பிலிருந்து எழுந்து வருகிறபோது நெற்றியில் இருப்பது. விளக்கு வைத்ததும் மூலையில் ஊதா இறங்கும், அது அவள் தூங்கி விழுகிறபோது கண்ணுக்குக் கீழே இருப்பது. தவசி தட்டை மடியில் வைத்துக்கொண்டு, முதுகைச் சுவரில் கொடுத்து, அன்றைக்கு நடந்ததை எல்லாம் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். கழுவிவைத்த தட்டுக்கும் அந்த நிறம்தான், கைகழுவுகிற தண்ணீருக்கும் அந்த நிறம்தான். பெண்டாட்டி செத்தவன் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிற அந்தப் பெரிய வெறுமை, வந்து பார்த்துவிட்டு இடமில்லை என்று திரும்பிப் போயிருந்தது. அதை எப்படி விடுவார்?

ஊர் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவரோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டது. கொட்டகைக்கு வேலை இல்லாததால் முதுகு சாய்க்க வருகிற பெண்களும் வரவில்லை. டீக்கடையில் அவர் போய் நின்றால் டீ வரும், பேச்சு நின்றுவிடும். சீனியம்மாள் ஒருத்திதான் வழக்கம்போலக் குழம்பைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள், அவளும் அவர் முகத்தைப் பார்க்காமல் வைத்தாள். பரவாயில்லை என்று தவசி இருந்தார். எனக்கு ஆள் இருக்கு என்று சுவரிடம் சொன்னார்.

ஒரு சாயங்காலம் சீனியம்மாளின் ஆடு போஸ்டரைத் தின்றுவிட்டு, வாயில் ஒரு மந்திரியின் காதோடு தெருவில் ஓடியதைச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வெயிலாச்சி இதற்கு எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்துப் பார்க்கப் போனார். சிரிப்பு வந்தது, முகம் மட்டும் படத்து அம்மாளின் முகமாக வந்தது. தலையை உதறிவிட்டு மறுபடியும் நினைத்தார், மறுபடியும் அந்தச் சந்தனக் கன்னம்தான் வந்தது. சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்ததை நினைத்தால் அந்த அம்மாள் உட்கார்ந்து வந்தாள். கல்யாணத்தன்று மணவறையில் அந்த அம்மாள் இருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த அம்மாள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், அவளுக்காக இவர் அழுதுகொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாபகமாக ஓடி ஓடித் திறந்து பார்த்தார்; எல்லா அறையிலும் அந்த அம்மாளே குடிவந்திருந்தாள். நிறம் முழுக்க வீட்டில் இருந்தது, முகம் முழுக்கப் படத்தில் இருந்தது, வெயிலாச்சி இரண்டிலும் இல்லை. இப்படியே இருந்தால் இன்னும் கொஞ்ச நாளில், இந்த நிறம் யாருடையது என்றே தனக்குத் தெரியாமல் போய்விடும் என்று தவசிக்குப் பட்டது.

விடிந்ததும் இஸ்ரவேல் வீட்டு வாசலில் போய் நின்றார். வாய்யா, வந்து எழுது என்றார்.

இஸ்ரவேல் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, கண்ணாடியைக் கழற்றி, முற்றத்து வெளிச்சத்தில் சாய்த்துவைத்தார். கருப்பும் காவியும் கலந்து ஒரு பழுப்பு செய்து கன்னத்தில் வைத்தார். அது இலையில் விட்ட தண்ணீர்போல வழிந்து கீழே ஓடியது. இன்னும் கொஞ்சம் கருப்பைச் சேர்த்தார், அதுவும் ஓடியது. பிரஷ்ஷை வைத்துவிட்டு மண்டையைச் சொறிந்தார். இத்தனை முகம் எழுதியவருக்கு ஒரு முகத்தைப் பார்த்து எழுதிப் பழக்கம் இல்லை.

"அண்ணாச்சி, கருப்புன்னா எனக்குப் புரியல. அந்த அம்மா எங்க எப்படி இருப்பாங்கன்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

தவசி முற்றத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அப்புறம், கண்ணுக்குக் கீழே ஊதா இருக்கும் என்றார், நாவல்பழம் தின்ற நாக்கில் மறுநாளும் மிச்சம் இருக்குமே அந்த மாதிரி. இஸ்ரவேல் நீலத்தையும் சிவப்பையும் குழைத்து வைத்தார். அது ஓடவில்லை, ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளே தலையணை உறை வெள்ளையாகிவிட்டதை இருவரும் வாசல் வழியாகப் பார்த்தார்கள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் போய்விடும் என்று தவசிக்குப் புரிந்துவிட்டது.

மேற்கொண்டு சொன்னார். வேர்த்தால் மூக்கின் ஓரத்தில் ஒரு நீலம் மினுங்கும் என்றார். குடத்துத் தண்ணீர் தெளிந்துவிட்டது. கோபம் வந்தால் கன்னம் சிவக்காது, பாசிப்பச்சை மாதிரி ஒன்று வாயைச் சுற்றி வரும், தொண்ணூறு கேள்வி கேட்டாலும் அப்போது பதில் சொல்ல மாட்டாள் என்றார்; இஸ்ரவேல் பச்சையைத் தொட்டுத் தயங்கி, முகத்தில் பச்சையா என்று கேட்டுவிட்டு வைத்தார், வைத்ததும் அந்த வாய் யாரோ ஒருத்தியின் வாயாக இல்லாமல் போயிற்று. நெற்றியில் துரு நிறம் என்றார், காதுமடலில் காப்பிக்கொட்டை என்றார், தாடைக்குக் கீழே வெயிலே படாத இடத்தில் ஒரு ஈரக் கருப்பு, பனங்கிழங்குத் தோலின் உள்பக்கம் மாதிரி என்றார். உதட்டோரம் கருஞ்சிவப்பு என்றார். ஓயாமல் சொன்னார். இவ்வளவையும் தான் பார்த்திருக்கிறோம் என்பது அவருக்கே அதுவரை தெரியாது. சுருட்டுகிற கொட்டகை வாசலில், சைக்கிள் கண்ணாடியில், அடுப்பங்கரைப் புகையில், இத்தனை வருஷமும் இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்; பார்த்ததை ஒருநாளும் அவளிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு அது ஒரு விஷயம் என்று நினைக்கவில்லை.

தட்டு வெள்ளையானது. துண்டு வெள்ளையானது. கோலம் வெளுத்தது. ஊரணிக்கரையிலிருந்து ஆட்கள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது, அங்கே துணிகள் ஒன்றொன்றாகக் கண்ணைக் கூசவைக்கத் தொடங்கியிருந்தன. வெயில் ஏறி இறங்கி மேற்கே சாய்ந்தபோது படம் மாட்டியிருந்த இடத்துக்குக் கீழே சுவரில் மட்டும், ஓர் ஆள் முதுகு அளவுக்கு, நிறம் மிச்சம் இருந்தது. படத்தில் கழுத்து மட்டும் இன்னும் சந்தனமாக இருந்தது.

"அது எப்படி அண்ணாச்சி?" என்று இஸ்ரவேல் கேட்டார்.

தவசி எழுந்து உள்ளே போய், அந்த இடத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். சூடு இருந்தது. இவ்வளவு போதும், கழுத்தை அப்படியே விட்டுவிடு, ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள் என்று சொல்லிவிடலாம். துணி வெளுத்துவிட்டது, ஊருக்கு இனி ஒரு கஷ்டமும் இல்லை. இந்த ஒரு முதுகு அளவு சுவர் போதும், மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம். வாசல் வழியாக முற்றத்துப் படத்தைப் பார்த்தார். வெயிலாச்சியின் முகம் வந்து, யாரோ ஒருத்தியின் கழுத்தில் நின்றுகொண்டிருந்தது. நிற்க முடியாமல் நிற்பதுபோல இருந்தது.

"கழுத்து நல்லாக் கருப்பு" என்றார் தவசி, சுவரில் சாய்ந்தபடியே. "முகத்தவிடக் கருப்பு. கூந்தலுக்குள்ள போற எடம் மசமசன்னு இருக்கும். தாலிக்கயிறு கெடந்த எடத்துல மட்டும் மெல்லிசா ஒரு கோடு, வெளுப்பா. கடைசியாக் குளிப்பாட்டயிலதான் அதப் பாத்தேன்."

இஸ்ரவேல் எழுதினார். அந்தக் கோட்டையும் இழுத்தார். தவசியின் முதுகுக்குப் பின்னால் சுவர் மெல்ல மெல்ல ஆறி, சில்லென்று ஆனது.

படத்தை மாட்டிவிட்டு இஸ்ரவேல் போன பிறகு ஊர் வந்து பார்த்தது. கொட்டகைப் பெண்கள் வாசல்படி ஏறியதுமே, ஐயோ மதினி என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். முகத்தில் பச்சையும் ஊதாவும் இருப்பதாக ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் தவசியிடம் பழையபடி பேசினார்கள், சீனியம்மாள் முகத்தைப் பார்த்து, சாப்பிடுங்கண்ணே என்றாள். அப்புறம் தறிச் சத்தம் கேட்கத் தொடங்கியது, வேலை இருக்கிறது என்று ஒவ்வொருவராகப் போனார்கள்.

தவசி கதவைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டார். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தட்டு, வெள்ளைத் தலையணை. வீடு ரொம்பப் பெரிதாக இருந்தது. படத்துக்கு நேராகப் போய் நின்றார். ஞாபகத்தில் தேடிப் பார்த்தார், சைக்கிளில் அவள் இருந்தாள், மணவறையில் அவள் இருந்தாள், எல்லா இடத்திலும் அவளே இருந்தாள், இங்கே மட்டும்தான் இல்லை.

"நல்லா இருக்க வெயிலாச்சி" என்றார்.

இதை அவள் உயிரோடு இருந்தபோது ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று, அப்படியே நின்று யோசித்தார். சிரித்திருப்பாளா, முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாளா, போய் வேலையைப் பாருங்கள் என்றிருப்பாளா. அவளுடைய நிறத்தை எல்லாம் ஒன்று விடாமல் தெரிந்துவைத்திருந்த மனுஷனுக்கு அது மட்டும் தெரியவில்லை.